மூணாறு உறைபனி பாறையை உடைக்குமா?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ மூணாறிலிருந்து ஒரே மாதிரியான படங்கள் வரும். செண்டுவரை, லட்சுமி எஸ்டேட், கன்னிமலை, சைலன்ட் வேலி பக்கத்துப் புல்வெளிகள் விடிகாலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டது என்று செய்தி சொல்லும். சில ஆண்டுகளில் அதற்கும் கீழே 1 முதல் 3 டிகிரி வரை இறங்கியதும் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு அது கொண்டாட்டம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படியில்லை. பனி அடித்த கொழுந்து வெயில் ஏறியதும் கருகிவிடும்.

இதே இடுக்கி மாவட்டத்தில் பாறை சரிந்த செய்திகளும் அடிக்கடி வருகின்றன. மூணாறிலிருந்து போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்கும் நெடுஞ்சாலையில் கேப் ரோடு என்ற பகுதி இருக்கிறது. சாலையை அகலப்படுத்திய காலத்தில், 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளிலும் அங்கே பெரும் பாறைச் சரிவுகள் நிகழ்ந்தன. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் நடந்த நிலச்சரிவு 70 உயிர்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர்.

இரண்டு செய்திகளையும் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. தண்ணீர் உறைந்தால் விரியும், விரிசலில் புகுந்த நீர் உறைந்து பாறையைப் பிளக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அப்படியானால் மூணாறின் உறைபனி ஆண்டுதோறும் பாறைகளைத் தளர்த்திக்கொண்டே வருகிறதா? இதற்கு விடை சொல்வதற்கு முன்னால், குளிரும்போதும் மீண்டும் சூடேறும்போதும் ஒரு பாறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். அது பள்ளிப் பாடத்தில் வந்ததைவிடச் சற்றுச் சிக்கலானது.

முதலில் பாறையைத் தெரிந்துகொள்வோம். மூணாறைச் சுற்றிக் கிரானைட்டும், நைஸ் எனப்படும் வரிவரியான பாறையும் இருக்கின்றன. தெற்கே ஏலமலையிலும் வடக்கே பாலக்காட்டு நெல்லியாம்பதியிலும் சார்னகைட் என்ற கரும்பாறை மிகுதி. (இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பாறைவகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து, பரங்கிமலை பல்லாவரம் வட்டாரத்திலிருந்து போனது.) இவை எல்லாமே பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவான கடினப் பாறைகள். அவற்றின் மணிகள் ஒன்றோடொன்று நெருக்கமாகக் கோத்திருக்கும். நடுவே உள்ள வெற்றிடங்களை நுண்துளைகள் என்பார்கள். புதிதாக உடைத்த நல்ல கிரானைட்டில் அவை மொத்தக் கன அளவில் 1 சதவீதம்கூட இருப்பதில்லை. இந்த அளவு பின்னால் மீண்டும் வரும்.

அடுத்தது உருமாற்றம். கல் வளையாது, நீளாது என்றுதான் நமக்குத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அளவில் அது நாள் முழுவதும் நீண்டு சுருங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதைத் திரிபு என்பார்கள். ஒரு மீட்டர் கிரானைட், 10 டிகிரி குளிர்ந்தால் சுமார் 0.08 மில்லிமீட்டர் சுருங்கும். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். பாறையின் மேல் ஒட்டப்படும் மெல்லிய மின்கம்பி உணரிகள் இதைவிடச் சிறிய திரிபையும் அளந்துவிடும். 

காய்ந்த பாறையைக் குளிர்வித்தால் கதை எளிது. குளிர்ந்தால் சுருங்கும், சூடேறினால் பழைய நீளத்துக்குத் திரும்பும். 0 டிகிரியைக் கடக்கும்போது தனியாக எதுவும் நடப்பதில்லை. உள்ளே நீர் இருந்தால்தான் கதை மாறும்.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. நிறையத் தண்ணீர் பிடித்து இறுக மூடிய கண்ணாடி பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் உடைவது இதனால்தான். மூடிய இடத்தில் உறையும் நீர் தரும் அழுத்தம் பயங்கரமானது. இந்த அழுத்தத்தை மெகாபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் சுமார் 10 கிலோ எடையை வைத்தால் கிடைப்பது 1 மெகாபாஸ்கல். நீரை முழுக்க அடைத்துவைத்துக் குளிர்வித்தால், −5 டிகிரியில் ஏறக்குறைய 60 மெகாபாஸ்கல் வரும். −22 டிகிரியில் 200-ஐத் தாண்டும். கிரானைட்டை இரு பக்கமும் பிடித்து இழுத்தால் அது சுமார் 10 மெகாபாஸ்கல் அளவிலேயே பிளந்துவிடும். நசுக்கும் விசையைத் தாங்குவதில் கல் பலசாலி, இழுவிசையில் பலவீனம். விரிசலுக்குள்ளிருந்து தள்ளும் பனிக்கட்டி பாறையை இழுத்துப் பிரிக்கவே பார்க்கிறது.

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் குளிர்நாடுகளில் ஒரு பாறையும் மிஞ்சியிருக்காது. பாட்டில் உடைய இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: அது நிறைந்திருக்க வேண்டும், மூடியிருக்க வேண்டும். பாறையில் இவ்விரண்டும் சேர்வது அரிது. நுண்துளைகளில் 91 சதவீதத்துக்குக் குறைவாக நீர் இருந்தால், உறையும் நீர் விரிவதற்கு உள்ளேயே இடம் இருக்கிறது. விரிசலின் வாய் திறந்திருந்தால், உறையாத நீர் வெளியே தள்ளப்பட்டு அழுத்தம் தணிந்துவிடும். கடுங்குளிர்ப் பகுதிகளில் காங்கிரீட் கலக்கும்போது வேண்டுமென்றே நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்குவார்கள். நீருக்கு அந்த இடத்தைக் கொடுப்பதுதான் நோக்கம்.

பிறகு குளிர்நாடுகளில் பாறைகள் எப்படித்தான் உடைகின்றன? இதற்கான விடை முதலில் மண்ணிலிருந்து வந்தது. 1920-களின் இறுதியில் அமெரிக்கப் புவியியலாளர் ஸ்டீபன் டேபர், குளிரில் மண் மேலெழும்புவதை ஆராய்ந்தார். தண்ணீர் விரிவதால்தான் மண் எழும்புகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். டேபர் தண்ணீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். அப்படியிருந்தும் மண் எழும்பியது. 9 சதவீத விரிவு இல்லாமலேயே உறைதல் ஒரு பொருளைத் தள்ளிப் பிரிக்கும் என்பது அந்தச் சோதனையில் உறுதியானது.

நடப்பது இதுதான். பனிக்கட்டிக்கும் அதைச் சூழ்ந்த கனிமத்துக்கும் இடையே, 0 டிகிரிக்குக் கீழேயும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் இருக்கும். அதன் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. குளிர்ந்த பக்கத்தில் உள்ள பனிக்கட்டி, இந்தப் படலத்தின் வழியாகச் சற்று வெதுவெதுப்பான பக்கத்திலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. வந்த நீர் அங்கே உறைகிறது. மேலும் நீர் வருகிறது. பனிக்கட்டி மெல்ல மெல்லத் தடித்து, தட்டையான ஒரு வில்லை வடிவம் எடுக்கிறது. இதைப் பனிவில்லை என்று சொல்லலாம். வளரும் பனிவில்லை இருபக்கச் சுவர்களையும் தள்ளும். விரிசலின் முனை கொஞ்சம் கொஞ்சமாக நீளும். 1980-களில் ஜோசப் வால்டர், பெர்னார்ட் ஹாலட் என்ற இருவர் இந்த விளக்கத்தைக் கணித வடிவில் பாறைக்குப் பொருத்தினார்கள். 2006-இல் வெளியான ஆய்வில் வேறு சிலர் மென்மையான சுண்ணாம்புப் பாறைக் கட்டிகளை ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப உறையவைத்து இளக்கினார்கள். பாறைக்குள் பனிவில்லைகள் வளர்ந்து அடுக்கடுக்காக அது பிளந்ததைக் கண்டார்கள்.

பனிவில்லை தரக்கூடிய அழுத்தம், 0-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 1.1 மெகாபாஸ்கல். அடைபட்ட நீரின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் இதற்குப் பாறை மூடியிருக்க வேண்டியதில்லை, நிறைந்திருக்கவும் வேண்டியதில்லை. நீர் வந்துகொண்டிருந்தால் போதும், காலம் வேலையை முடித்துவிடும். வெப்பநிலையோ ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். 0-க்கு மிக அருகில் இருந்தால் தள்ளும் விசை போதாது. மிகவும் குளிர்ந்தால் நீர்ப்படலம் மெலிந்து, நீர் நகர முடியாமல் போகும். பாறையின் தன்மையைப் பொறுத்து எல்லைகள் மாறினாலும், −3 முதல் −8 டிகிரி வரையிலான வெப்பநிலையில்தான் இந்த வேலை அதிகம் நடப்பதாக ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள்.

நீரில் ஊறிய ஒரு பாறைத் துண்டை ஆய்வகத்தில் குளிர்வித்து அதன் திரிபை வரைந்தால், இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே கோட்டில் தெரியும். தொடக்கத்தில் எல்லாப் பொருளையும் போல அது சுருங்கும். 0-க்குச் சற்றுக் கீழே போனதும் கோடு திரும்பும். பாறை விரியத் தொடங்கும். நீர் சரியாக 0 டிகிரியில் உறைந்துவிடுவதில்லை. அகன்ற விரிசலில் உள்ளது முதலில் உறையும். துளை எவ்வளவு சிறியதோ அவ்வளவு தாழ்ந்த வெப்பநிலை அதற்குத் தேவை. ஆகவே விரிவு ஒரே பாய்ச்சலாக வராமல் சில டிகிரிகளுக்குப் பரவி வரும். பெரும்பாலான நீர் உறைந்த பிறகு கோடு மீண்டும் சுருக்கத்தின் பக்கம் திரும்பும்.

இனி இளகும் பாதி. சூடேற்றினால் கோடு வந்த வழியே திரும்ப வேண்டும் அல்லவா? பெரும்பாலும் அப்படித் திரும்புவதில்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிய பிறகும் பாறை தொடக்கத்தில் இருந்ததைவிட ஒரு நூலளவு பெரிதாகவே நிற்கும். இதை எச்சத் திரிபு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுண்விரிசல்கள் திறந்திருக்கின்றன, அவை மூடவில்லை என்பதன் அடையாளம் அது. அடுத்த முறை அந்த விரிசல்கள் கூடுதல் நீரைக் குடிக்கும், கூடுதலாக உறையும், எச்சம் இன்னும் வளரும். ஒரே ஒரு கடுங்குளிர் இரவைவிட, 0-ஐ மேலும் கீழுமாகக் கடந்த நூறு இரவுகள் பாறையை அதிகம் தளர்த்துவது இதனால்தான். நுண்துளை மிகுந்த மணற்கல்லிலும் சுண்ணாம்புப் பாறையிலும் எச்சத் திரிபு எளிதில் சேரும். கிரானைட்டில் மிகவும் குறைவு. 1 சதவீத நுண்துளையில் இருக்கும் நீர் முழுவதும் உறைந்து, அத்தனையும் பாறையை விரிக்கவே செலவானாலும், ஒரு மீட்டர் நீளத்தில் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வராது. கிரானைட்டில் குளிரின் வேலை அனேகமாக ஏற்கெனவே இருக்கும் பெரிய பிளவுகளில்தான் நடக்கிறது.

இளகும்போது இன்னொன்றும் நடக்கிறது. செங்குத்தான மலைமுகத்தில் பிளவு முழுவதும் பனிக்கட்டி நிறைந்திருந்தால், அது பாறைகளை விலக்கித் தள்ளியதோடு அவற்றை ஒட்டிப் பிடித்தும் வைத்திருக்கும். அது 0-ஐ நெருங்க நெருங்க அந்தப் பிடிப்பு தளரும். முழுவதும் உருகுமுன்பே, −1 டிகிரி அளவிலேயே பாறை நழுவத் தயாராகிவிடும். 2003-இல் ஐரோப்பாவைக் கடும் வெப்ப அலை தாக்கியபோது, ஆல்ப்ஸின் மாட்டர்ஹார்ன் சிகரத்திலிருந்து பாறைகள் உதிர்ந்தன. உதிர்ந்த இடத்தில் பனிக்கட்டி தெரிந்தது.

நம் நாட்டில் இந்த இயக்கத்தின் இடம் இமயமலை. லடாக்கின் மலைச்சரிவுகளில் கூரிய கற்கள் குவியல் குவியலாகக் கிடப்பதைப் படங்களில் பார்த்திருப்போம். பகலில் பனி உருகி விரிசலுக்குள் இறங்குகிறது, இரவில் உறைகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இது வாரக்கணக்கில் தொடரும். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் 2021 பிப்ரவரி 7 அன்று ரோன்டி சிகரத்தின் சரிவிலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பிய்த்துக்கொண்டு விழுந்தன. அதில் ஏறக்குறைய 80 சதவீதம் பாறை. ரிஷிகங்கா, தபோவன் நீர்மின் திட்டங்கள் அழிந்தன. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். விழுந்த இடத்துக்கு மேலே சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பிளவு திறந்திருந்தது பிறகு செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. அந்தச் சரிவுக்கு ஒரே காரணத்தைக் கைகாட்டிவிட முடியாது. ஆனால் உறைந்த மலைமுகங்கள் எவ்வளவு பெரிய அளவில் பெயரக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

இப்போது மூணாறுக்குத் திரும்புவோம். பாறையைக் குளிரால் உடைக்க மூன்று வேண்டும்: போதிய குளிர், போதிய ஆழம், போதிய நீர். ஒவ்வொன்றையும் அந்த மலையில் வைத்துப் பார்க்கலாம்.

உறைபனி விழும் இரவில் வானம் தெளிந்திருக்கும், காற்று அசையாது. தரையும் புல்லும் தங்கள் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்தாக்கின் அடியில் உள்ள புல்வெளியும் தேயிலைச் செடியும் வெளுக்க இதுவே காரணம். அதே இரவில் மேலே உள்ள சரிவு சில டிகிரி வெப்பமாக இருக்கக்கூடும். பெரும் பாறைமுகங்கள் இருப்பதோ அந்தச் சரிவுகளில்தான். செங்குத்தான பாறை வானத்தின் ஒரு பாதியைத்தான் பார்க்கிறது என்பதால், அது இழக்கும் வெப்பமும் குறைவு. பள்ளத்தில் −3 டிகிரி என்று சொல்லும் செய்தி பாறையின் வெப்பநிலையைச் சொல்வதில்லை.

ஆழம் இன்னும் தடையாக இருக்கிறது. புல்லின் இலை மெல்லியது, சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். பாறையோ பகல் வெயிலைச் சேமித்து வைத்திருக்கும் பெரும் திணிவு. ஒரு நாளின் வெப்ப ஏற்ற இறக்கம், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மூணாறில் கடுங்குளிர் விடியலுக்கு முன் சில மணி நேரம்தான் நீடிக்கும். வெயில் வந்ததும் 20 டிகிரியை நோக்கி ஏறும். அதற்குள் பாறையின் மேற்தோல் 0-க்குக் கீழே போனாலும் ஒரு சில சென்டிமீட்டரைத் தாண்டாது. 0-க்குக் கீழே 1 அல்லது 2 டிகிரியில் பனிவில்லை தரும் அழுத்தமும் 2 மெகாபாஸ்கலைச் சுற்றியே நிற்கும். நல்ல கிரானைட்டைப் பிளக்க அது போதாது.

நீர்தான் தீர்மானமான காரணம். மூணாறில் மழை கொட்டுவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது பாறை நனைந்து கிடக்கிறது, ஆனால் குளிர் 0-க்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. உறைபனி வரும் ஜனவரியில் வானம் வறண்டிருக்கிறது, பாறையும் காய்ந்திருக்கிறது. மறையூர், போடிமெட்டு பக்கத்துக் கிழக்குச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீளும் என்பது உண்மை. அங்கேயும் மேகம் விலகிய பிறகே உறைபனி விழ முடியும். ஆண்டு முழுவதும் நீர் கசியும் சில பாறை இடுக்குகளில், நல்ல பள்ளமான இடத்தில், மேற்பரப்பில் மெல்லிய செதில்கள் பெயர்வதற்கு வாய்ப்புண்டு. மலைமுகத்தைத் தளர்த்தும் வேலை அதனால் ஆகாது.

அப்படியானால் இந்த மலைப் பாறைகள் எதனால் உருமாறுகின்றன? வெப்பமும் நீரும்தான், ஆனால் வேறு வழிகளில்.

வெப்பத்தை அறியப் பாலக்காட்டுக்கு இறங்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய கணவாயின் வழியே கோவைப் பக்கத்து வறண்ட காற்று வாளையாறு, கஞ்சிக்கோடு தாண்டி வருகிறது. மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. காற்று 40 என்றால் வெயிலில் கிடக்கும் கரும்பாறையின் மேற்தோல் அதைவிட மிகவும் சூடாகும். இரவில் அது 30 டிகிரி குளிர்ந்தால், ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். உள்ளே உள்ள பாறை அவ்வளவு மாறாததால், மேற்தோலைச் சுருங்க விடாது. இந்தப் பிடிவாதத்தில் பிறக்கும் விசை 10 மெகாபாஸ்கலைத் தாண்டும். மூணாறு உறைபனியின் 2 மெகாபாஸ்கலை இதனோடு ஒப்பிட்டால், எது பெரிய வேலைக்காரன் என்பது விளங்கும்.

இந்த வெப்ப உருமாற்றத்தை நேரடியாக அளந்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பிரையன் காலின்ஸ், கிரெக் ஸ்டாக் என்ற இருவர், 19 மீட்டர் உயரமும் 10 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு கிரானைட் தகட்டில் 2010 முதல் மூன்றரை ஆண்டுகள் கருவிகளைப் பொருத்திவைத்தார்கள். மலையோடு ஒட்டியிருந்த அந்தத் தகடு பகலில் வெளியே புடைத்து இரவில் உள்ளே சாய்ந்தது. ஒரே நாளில் ஒரு சென்டிமீட்டர் வரைகூட அது அசைந்தது. ஆண்டுதோறும் அந்த அசைவில் ஒரு சிறு பங்கு திரும்பாமல் சேர்ந்தது. மழையும் குளிரும் இல்லாத கோடைப் பிற்பகலில் பாறை ஏன் விழுகிறது என்ற பழைய கேள்விக்கு 2016-இல் அவர்கள் இப்படி விடை தந்தார்கள். வெங்காயத் தோல்போல உரியும் மொட்டைப் பாறைகள் கொங்குப் பகுதியிலும் பாலக்காட்டு எல்லையிலும் நிறைய உண்டு. அவற்றின் மேல் நடந்து பார்த்தால் சில இடங்களில் காலடியில் வெற்றொலி கேட்கும்.

வாளையாற்றில் சிமென்ட் ஆலைக்காக வெட்டி எடுக்கப்பட்ட படிகச் சுண்ணாம்புக் கல்லுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அதன் கனிமமான கால்சைட், சூடானால் ஒரு திசையில் நன்றாக நீளும். அதற்குக் குறுக்கான திசையில் சற்றுச் சுருங்கும். பக்கத்துப் பக்கத்து மணிகள் வெவ்வேறு திசையில் படுத்திருப்பதால், சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது அவை ஒன்றையொன்று நெம்பிப் பிரிக்கின்றன. இதே கனிமத்தாலான பளிங்குக் கல் பலகைகள் பல ஆண்டுகள் வெயிலில் நின்றால் வளைவது இதனால்தான். அதற்கு உறைபனி தேவையே இல்லை.

இடுக்கியில் பெரிய வேலைக்காரன் மழை. வெதுவெதுப்பான மழைநீர் பிளவுகளில் இறங்கி, கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் பாறையின் மேல் தடித்த, தளர்ந்த மண்போர்வை உருவாகிறது. அடியில் பாறை வழவழப்பாகச் சரிந்திருக்க, மேலே மண் உட்கார்ந்திருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்தால் மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து, மணிகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்திருந்த விசையைக் குறைத்துவிடும். பிறகு எடை தாளாமல் சரிவு முழுவதும் நகரும். பெட்டிமுடிக்கு முந்திய நாட்களில் பெய்தது அப்படிப்பட்ட மழை. சாலைக்காகச் செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைமுகத்திலோ, பிளவில் நிறையும் நீர் பின்னாலிருந்து தள்ளும். வெட்டியதில் அடிப்பகுதித் தாங்கலும் போயிருக்கும். கேப் ரோட்டில் இரண்டும் சேர்ந்தன.

ஆகவே கேள்விக்கு விடை இது. உறைவதும் இளகுவதும் பாறையை நிரந்தரமாக உருமாற்றும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. ஆனால் மூணாறின் குளிரும் மூணாறின் நீரும் வெவ்வேறு மாதங்களில் வருவதால், அங்கே அதன் பங்கு மிகச் சிறியது. உறைபனியைத் தேயிலை விவசாயத்தின் பிரச்சினையாகப் பார்ப்பதே சரி. மலைச்சரிவின் பாதுகாப்பைப் பற்றிய கவனத்தையும் செலவையும் ஜூன் முதல் நவம்பர் வரையிலான மாதங்களுக்கு வைக்க வேண்டும்: பிளவுகளிலிருந்து நீர் வெளியேற வழி, வெட்டும் சரிவின் கோணம், மழைமானிகள்.

சரிவுகளின் அடியில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலும் சாலையோரக் கடைகளிலும் வாழ்கிறவர்கள் கவனிக்க வேண்டியவையும் அந்த மாதங்களுக்கு உரியவைதான். தரையிலோ சுவரிலோ புதிய விரிசல், தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குவது அல்லது நின்றுபோவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது, மேலிருந்து சிறு கற்கள் விட்டுவிட்டு உருள்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மழை ஓயட்டும் என்று காத்திருக்காமல் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.